“பொல்செமாக்கர்” பாடிய அந்த நெட்டை மனிதர் யார்? லெய்ஃப் யூஸ்தர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மழைக்குருவி (ஒஸ்லோ) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன், பதினொரு வருடம் ஆகிறது. எங்கள் பிரிவில் 1932 இல் பிறந்த ஒரு அம்மா இருக்கிறார். மறதி நோய் முற்றிவிட்டது. பிள்ளைகளின் பெயர்கூட வருவதில்லை, சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும்தான் ஆட்டுவார். ஆனால் காலையில் முகம் கழுவித் தலை வாரிவிடும் நேரத்தில் ஒரு பாட்டை முணுமுணுப்பார். “பொல்செமாக்கர், பொல்செமாக்கர்” என்று தொடங்கும், அதாவது சொசேஜ் செய்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. மெட்டு கொஞ்சமும் பிசகாது.

போன கிழமை நானும் கூடச் சேர்ந்து முணுமுணுத்தேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்து “யூஸ்தர்” என்றார். பிறகு கையை மேலே தூக்கி ஓர் ஆளின் உயரத்தைக் காட்டினார், இன்னும் மேலே, இன்னும் மேலே என்று கை போய்க்கொண்டே இருந்தது, அப்படியே சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

என்னோடு வேலை செய்யும் நோர்வீஜியப் பிள்ளைகளிடம் கேட்டேன். அவர்களுக்கு இருபத்தைந்து, முப்பது வயது. “லெய்ஃப் யூஸ்தர், பழைய நகைச்சுவை நடிகர், எங்கள் தாத்தாவுக்குப் பிடிக்கும்” என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இணையத்தில் பிறந்த திகதியும் படங்களின் பட்டியலும் கிடைக்கின்றன, அது எனக்குப் போதாது. அவர் எப்படிப்பட்ட நடிகர், எதனால் இத்தனை பேருக்கு அவர் பெயர் இவ்வளவு ஆழத்தில் தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த அம்மாவுக்கு எதைப் போட்டுக் காட்டலாம் என்றும் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

வடகடல் எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு ஃபின்மார்க் ஞாபகம் வந்துவிட்டது. நான் 1988 இல் வந்தவன், வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில்தான் முதல் வேலை. சூரியனே எழும்பாத மாதங்கள். பக்கத்து மேசையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான மனிதர் ஒரு சனிக்கிழமை எங்கள் மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வீடியோவில் போட்டார். “ஃபியோல்ஸ் தில் ஃபியெல்ஸ்”, 1957 இல் வந்த படம். எங்களுக்கு அப்போது நோர்வீஜியன் நூறு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதில் மலை ஓட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் நிற்கும் பொப்பெ என்கிற ஆள்தான் யூஸ்தர்.

கதை இதுதான். ஓட்டல் முதலாளியின் மகள் பையன் வேடம் போட்டுக்கொண்டு அதே ஓட்டலில் எடுபிடி வேலைக்கு வருகிறாள். இன்னொரு பக்கம் ஒரே முகம் கொண்ட இரண்டு விருந்தினர்கள், ஒருவர் சினிமா நட்சத்திரம், மற்றவர் ஆந்தைகளைப் பற்றி ஆராய்கிறவர். இரண்டு பேரையும் நடித்தது ஃப்ராங்க் ரொபர்ட் என்ற ஒரே நடிகர். இப்போது வந்தவர் யார், சற்று முன் போனவர் யார் என்று பொப்பெக்குத் தலை சுற்றும். ஆள்மாறாட்டக் கதை என்பது உலகம் முழுக்க உள்ளதுதான், அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நீள உடம்பு இருக்கிறதே! கை ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் போகும், முகம் மட்டும் எதுவும் நடக்காதது போல அசையாமல் இருக்கும். ஒரு கண்ணியமான மனிதன் தன் கண்ணியத்தைக் காப்பாற்றப் படும் பாடு அது. அதைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. வேறு நாட்டில் வேறு குளிரில் வந்து விழுந்திருந்த எங்களுக்கு அந்தப் பாடு நன்றாகவே புரிந்தது.

இயக்கியவர் ஈடித் கார்ல்மார். நோர்வேயில் முதன்முதல் முழுநீளப் படம் இயக்கிய பெண் அவர்தான், 1949 க்கும் 1959 க்கும் இடையில் பத்துப் படங்கள் செய்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லீவ் உல்மான் முதன்முதலில் திரையில் தலை காட்டியது இந்தப் படத்தில்தான், சும்மா வந்து போகிற ஒரு சின்ன வேடம். 2020 இல் இதை மறுபடியும் எடுத்தார்கள். அதையும் பார்த்தேன், எனக்குப் பழையதுதான் படம்.

ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்தது: 1910 பெப்ரவரி 14 இல் ஒஸ்லோவில், அதாவது அன்றைய கிறிஸ்தியானியாவில் பிறந்தவர். பிறப்பில் லெய்ஃப் நோர்மன் நில்சன். நில்சன் என்றால் இந்த நாட்டில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். மேடையில் யூஸ்தர் ஆனார். 1930 களில் ஒஸ்லோவின் ஷா நுவார் என்ற அரங்கின் மேடையில் வளர்ந்தவர், போர்க்காலத்தில் சொந்த அரங்கு தொடங்கினார், 1995 நவம்பர் 25 இல் 85 வயதில் காலமானார். மேடைப் பக்கத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள், வருவார்கள்.

---

ஒளிமேசை எழுதியது:

வடகடல் அண்ணை படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் மேடையைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஒஸ்லோவில் மேடை விளக்கு வேலை செய்கிறவள். இந்த ஊர் அரங்குகளில் வயதான தொழிலாளர்களோடு தேநீர் குடித்தால் யூஸ்தர் பெயர் வராமல் போகாது.

முதலில் “ரெவ்யூ” என்றால் என்ன என்று தெரியாமல் யூஸ்தரைப் புரிந்துகொள்ள முடியாது. ரெவ்யூவில் ஒரே கதை இல்லை. ஒரு பாட்டு, ஒரு தனிப்பேச்சு, இரண்டு பேர் சண்டை போடும் ஒரு துண்டு, நடனம், மறுபடி பாட்டு. விஷயம் முழுக்க அந்த மாதத்துச் செய்திதான். மந்திரி என்ன சொன்னார், வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது, டிராம் ஏன் வரவில்லை, இதையெல்லாம் அன்று மாலையே சிரிப்பாக்கிக் கொடுப்பார்கள். ஒஸ்லோவில் அதன் தாய்வீடு ஷா நுவார், பொக்கன் லாசன் என்ற பாடகி 1912 இல் திறந்தது, இன்றும் நடக்கிறது. யூஸ்தர் வந்த காலத்தில் லல்லா கார்ல்சன், ஐனார் ரூசெ போன்ற பெரிய ஆட்கள் ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு இளைஞன் தன் ஒட்டடைக்கம்பு உடம்பை வைத்தே தனக்கென்று ஓர் இடம் பிடித்தான் என்றால் அது சாதாரணம் இல்லை. அவருடைய நகைச்சுவையில் பாதி அந்த நடையிலும் நிற்பிலும் இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருகிறேன். அது “டென் ஃபொர்ஸ்வுன்னெ பொல்செமாக்கர்” என்ற 1941 ஆம் ஆண்டுப் படத்தில் வருவது, “காணாமல் போன சொசேஜ்காரர்” என்று பொருள். தொலைந்துபோன சொசேஜ்காரரைத் தேடும் இரண்டு துப்பறிவாளர்கள், ஒருவர் யூஸ்தர், மற்றவர் ஏர்ன்ஸ்ட் டீசன். இரண்டு பேரும் சேர்ந்து பாடுவதுதான் அந்த அம்மா முணுமுணுப்பது.

ஆனால் 1941 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். 1940 ஏப்ரல் 9 இல் ஜெர்மன் படை வந்துவிட்டது, 1945 மே 8 வரை போகவில்லை. 1941 மே மாதம் நடிகர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆக்கிரமிப்பாளர்களின் கையிலிருந்த வானொலியில் நடிக்க மறுத்தவர்களின் தொழில் அனுமதியைப் பறித்ததற்காக அரங்குகள் வாரக்கணக்கில் இருண்டு கிடந்தன. அதே வருடம் இலையுதிர் காலத்தில் மக்களிடமிருந்த வானொலிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். உணவு பங்கீட்டு அட்டையில். இறைச்சிக் கடையில் வரிசை, கடைக்குள் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் “சொசேஜ்காரரைக் காணோம்” என்று இரண்டு பேர் திரையில் பாடினால் அரங்கில் இருந்தவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். படம் எடுத்தவர்கள் அதை நினைத்துத்தான் எடுத்தார்களோ என்னவோ, பார்த்தவர்கள் வயிற்றில் பசியோடு பார்த்தார்கள் என்பது மட்டும் நிச்சயம். உங்கள் அம்மா 1932 என்றால் அப்போது அவருக்கு ஒன்பது வயது. பசித்த குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டே கற்ற பாட்டு அக்கா அது. அது கடைசியில்தான் மறக்கும்.

அடுத்த வருடம், 1942, ஆக்கிரமிப்பின் நடுவிலேயே யூஸ்தர் “எடர்கொப்பன்” என்ற அரங்கைத் தொடங்கினார். எடர்கொப்பன் என்றால் சிலந்தி. அவருடைய கைகால்களை நினைத்தால் அந்தப் பெயர் எனக்குப் படமாகவே கண்ணில் வருகிறது. 1967 வரை, இருபத்தைந்து வருடம் அதை நடத்தினார். இதைத்தான் நான் அவருடைய மிகப் பெரிய வேலை என்று சொல்வேன், எந்தப் படத்தையும்விட. நடிகன் மேடையில் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அரங்கை நடத்துகிறவன் அன்று எத்தனை இருக்கை நிரம்பியது, வெள்ளிக்கிழமை இசைக்காரர்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்ற கணக்கோடுதான் மேடை ஏற வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தார். ஆர்வெ ஒப்சால், கார்ஸ்டன் பீரிங், கரி டீசன் என்று பின்னால் நாடே கொண்டாடிய பலர் அந்த மேடையில் நின்றவர்கள். ஒல்சன் கும்பல் என்ற நகைச்சுவைத் திருடர் படங்களின் எகோனும் ஷெல்லும், அதாவது ஒப்சாலும் பீரிங்கும், அங்கே வேலை கற்றவர்கள் என்று சொன்னால் உங்கள் இளம் சக ஊழியர்களுக்குக்கூட விளங்கும்.

அந்தக் கட்டடம் சென்ட் ஓலாவ்ஸ் பிளாஸில் இன்றும் நிற்கிறது, இப்போது அதில் ஓட்டல் இருக்கிறது. கார்ல் யுஹான் தெருவிலிருந்து நடந்தே போகலாம்.

---

கோவைக்காரன் எழுதியது:

நான் திரொண்ட்ஹெய்மில் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கோயம்புத்தூர் சொந்த ஊர். யூஸ்தர் என்ற பெயரே இந்த இழையில்தான் கேள்விப்படுகிறேன் என்று எழுத வந்தேன், பிறகு தேடிப் பார்த்தால் அவர் குரலை ஏற்கெனவே மூன்று தடவை கேட்டிருக்கிறேன்!

இங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் டிவியில் “ஃப்ளோக்லிப்பா கிராண்ட் ப்ரீ” என்று ஒரு பொம்மைப் படம் போடுவார்கள். ஈவோ கப்ரீனோ 1975 இல் எடுத்தது, ஷெல் அவுக்ருஸ்ட் உருவாக்கிய பாத்திரங்கள். மலை மேல் இருக்கும் ரேயோடோர் என்ற சைக்கிள் ரிப்பேர்காரர், அவருடன் எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும் ஒரு பறவை, எப்போதும் பயந்துகொண்டிருக்கும் ஒரு முள்ளெலி, மூன்று பேரும் சேர்ந்து ஒரு பந்தயக் கார் கட்டி, ரேயோடோரின் கண்டுபிடிப்பைத் திருடிய பழைய உதவியாளனைப் பந்தயத்தில் எதிர்கொள்வார்கள். அந்தக் கதையை நமக்குச் சொல்லிக்கொண்டே வரும் கிழவர் குரல்தான் லெய்ஃப் யூஸ்தர். நாற்பது லட்சம் பேர் இருந்த நாட்டில், மறுவெளியீடுகளையும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்ற படம் இது. அப்படியென்றால் அந்தக் குரல் இந்த நாட்டில் நுழையாத வீடு இருக்காது.

நான் மெஷின் படிக்கிறவன், அதனால் முதலில் அந்தக் காரைத்தான் பார்த்தேன். ஆனால் எனக்கு நார்வீஜியன் காதில் ஏற ஆரம்பித்தது அந்தக் குரலால்தான். அவசரமே இல்லாத குரல், ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரித்து, அடுத்த சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நிற்கும். சிரிப்பு வரவைக்க அவர் எந்த முயற்சியும் செய்வதில்லை, நமக்கே தானாக வரும். உடம்பை வைத்துச் சிரிக்க வைத்த நடிகர் என்று மேலே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். உடம்பே தெரியாத ஒரு படத்தில், அறுபத்தைந்து வயதில், வெறும் குரலால் ஒரு நாட்டைக் கட்டிப்போட்டிருக்கிறாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒரு விஷயம், வடகடல் அண்ணா சொன்ன படத்தில் இரட்டை வேடம் போட்ட ஃப்ராங்க் ரொபர்ட்தான் இதில் ரேயோடோருக்குக் குரல். 1957 இல் ஓட்டலில் ஒருவரையொருவர் பாடாய்ப் படுத்திய இருவர், பதினெட்டு வருஷம் கழித்து ஒரே படத்தில் குரலாக இருக்கிறார்கள். இது தெரிந்ததும் நேற்று ராத்திரி மறுபடியும் முழுப் படமும் பார்த்தேன்.

அக்கா, அந்தப் பாட்டிக்கு இந்தப் படத்தின் ஆரம்பத்தைப் போட்டுப் பாருங்கள். திரையைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, குரலைக் கேட்கட்டும்.

---

ஹோர்ட்டன் வீதி எழுதியது:

நல்ல இழை. ஆனால் ஒரு மறுப்பு இருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

யூஸ்தர் பெரிய ஆள்தான். ஆனால் நோர்வே நகைச்சுவை என்றால் எனக்கு ரோல்வ் வேசன்லுண்ட்தான் முதலிடம். 1936 இல் ஹோர்ட்டனில் பிறந்தவர், நானும் அந்த ஊரில் இருபது வருடம் இருந்தேன், அதனால் எனக்குப் பாசம் கொஞ்சம் அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் நடித்த மார்வெ ஃப்ளெக்ஸ்நெஸ் என்ற பாத்திரம் 1972 இல் தொலைக்காட்சியில் தொடங்கி 2002 வரை வந்தது. மூலம் பிரித்தானிய எழுத்து, கால்ட்டனும் சிம்ப்சனும் ஹான்கொக் என்ற நகைச்சுவை நடிகருக்காக எழுதியவை, இயக்கம் போ ஹெர்மன்சன் என்ற சுவீடன்காரர். ஆனால் பார்த்தால் அசல் நோர்வே மனிதன். எல்லாம் தெரிந்தது போலப் பேசி, எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்து, இரத்த தானம் கொடுக்கப் போனாலும் அதில் ஒரு பெருமை தேடுகிறவன். அவனுடைய அம்மாவாக ஔட் ஷோனெமன் வந்து நின்றாலே போதும், ஃப்ளெக்ஸ்நெஸ் சின்னப் பிள்ளையாகிவிடுவான்.

நான் சொல்ல வருவது என்னவென்றால், யூஸ்தரின் ரெவ்யூத் துண்டுகளில் பெரும்பாலானவை அன்றைய செய்தியோடு செத்துப்போயின. 1950 களின் ஒரு மந்திரியைப் பற்றிய பாட்டைக் கேட்டு இன்று யார் சிரிப்பார்கள்? ஃப்ளெக்ஸ்நெஸ் மனித குணத்தைப் பிடித்தது, அதனால் என் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், சுவீடனிலும் சிரித்தார்கள். நிலைக்கிற கலைதானே பெரிய கலை?

---

ஒளிமேசை எழுதியது:

ஹோர்ட்டன் அண்ணை, வேசன்லுண்ட் எனக்கும் உயிர். 2013 இல் அவர் இறந்தபோது நான் வேலை செய்த அரங்கில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் நிலைப்பதை வைத்து அளப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தொலைக்காட்சி நோர்வேயில் முறையாகத் தொடங்கியது 1960 ஓகஸ்டில். அதற்கு முன்னால் சிரிக்க வேண்டும் என்றால் கோட்டைப் போட்டுக்கொண்டு, பனியில் நடந்து, சீட்டு வாங்கி உட்கார வேண்டும். அன்று சொன்னது அன்றோடு போய்விடும் என்று தெரிந்துதான் ரெவ்யூக்காரர்கள் ஒவ்வொரு இரவும் மேடையேறினார்கள். சுடச்சுடச் சாப்பிட வேண்டிய சாப்பாட்டை ஆறிய பிறகு ருசி பார்த்துவிட்டு, சமைத்தவரைக் குறை சொல்லலாமா? தொலைக்காட்சி வந்து ஏழு வருடத்தில் எடர்கொப்பன் யூஸ்தரின் கையை விட்டுப் போனது. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே சனிக்கிழமைச் சிரிப்பு கிடைக்கத் தொடங்கிய பிறகு அரங்கை நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், இன்றும் அதே கஷ்டம்தான். வேசன்லுண்டுக்கு வாய்த்த கமரா யூஸ்தரின் நல்ல வயதில் யூஸ்தருக்கு வாய்க்கவில்லை. நமக்கு மிஞ்சியிருப்பது சில படங்களும் சில பாட்டுகளும், அந்த முதுமைக் குரலும். அவரை மேடையில் பார்த்தவர்கள் முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள்.

---

ஹோர்ட்டன் வீதி எழுதியது:

சரி தங்கச்சி, கமரா விஷயம் நான் யோசிக்காத ஒன்று. முதலிடத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

---

மழைக்குருவி (ஒஸ்லோ) எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று பகல் வேலை, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கோவைத் தம்பி சொன்னபடி பொம்மைப் படத்தின் தொடக்கத்தைப் போட்டேன். அம்மா திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆனால் அந்தக் குரல் வந்ததும் முழங்காலில் கிடந்த விரல்கள் மெதுவாகத் தட்டத் தொடங்கின. பத்து நிமிடம் அப்படியே இருந்தார். வழக்கமாக இரண்டு நிமிடத்துக்கு மேல் எதற்கும் பொறுமை இருக்காது.

பிறகு சொசேஜ்காரர் பாட்டைப் போட்டேன். முழுக்கப் பாடினார். எனக்குத் தெரியாத அடுத்தடுத்த வரிகள் எல்லாம் அவருக்கு வந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த தாத்தாவும் சேர்ந்துகொண்டார். அவர் இங்கே வந்து எட்டு மாதம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கவனித்ததே இல்லை. பாட்டு முடிந்ததும் அம்மா அவரைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டார், “நீயும் எடர்கொப்பனுக்குப் போனாயா?” என்று. அவர் “இரண்டு தரம்” என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். அம்மாவின் மகள் மாலையில் வந்தபோது இதைச் சொன்னேன். தன் அப்பாவும் அம்மாவும் முதன்முதலில் சேர்ந்து வெளியே போனது அந்த அரங்குக்குத்தான் என்று சொல்லிவிட்டு அழுதார்.

வடகடல் அண்ணை சொன்ன ஓட்டல் படத்தை வெள்ளிக்கிழமை பெரிய அறையில் போட அனுமதி கேட்டிருக்கிறேன், பொறுப்பாளர் சரி என்றுவிட்டார். வெள்ளி வேலை முடிந்து வரும் வழியில் சென்ட் ஓலாவ்ஸ் பிளாஸில் இறங்கி அந்தக் கட்டடத்தை ஒரு படம் எடுக்கப் போகிறேன், அம்மாவிடம் காட்ட.